சூடானதும் நின்றுபோகும் போர்ஷே 944-க்கு ஒரு சின்ன வைத்தியம்

போர்ஷே 944 கார்கள் 1982 முதல் 1991 வரை தயாரானவை. வீட்டில் ஒன்று வைத்திருப்பவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிஎம்இ ரிலே என்ற சின்ன மின் சுவிட்சை. எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் இதன் வழியாகத்தான் போகிறது. இது கெட்டால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்கும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். இப்படி இருந்தால் பம்பை மாற்ற ஓடாதீர்கள். அது வீண் செலவு.

சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிட்டு ரிலேயை உருவுங்கள். மூடியைப் பக்குவமாக நெம்பினால் உள்ளே சின்ன சர்க்யூட் போர்டு தெரியும். பூதக்கண்ணாடி வைத்து, ரிலேயின் உலோகக் கால்கள் போர்டில் சேரும் இடங்களைப் பாருங்கள். ஈயத்தில் காலைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு கறுப்பு வளையம் ஓடினால் அதுதான் விரிசல். வருடக்கணக்காகச் சூடாகி ஆறி, ஆறிச் சூடாகி வந்த வினை. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவையுங்கள். மேலே பூசினால் மட்டும் போதாது.

அப்புறம், புது ரிலே ஒன்று வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வைத்துவிடுங்கள். வழியில் நின்றால் மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ரிலே சரியாக இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லையா? செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் துள்ளுகிறதா என்று பாருங்கள். அசையாமல் கிடந்தால், அடுத்து ஃப்ளைவீல் (எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம்) பக்கத்து சென்சாரைச் சோதிக்க வேண்டும்.