மாலை 6 முதல் 10 வரை: வீட்டில் கரண்ட் இழுப்பதைக் குறைப்பது எப்படி?

மே மாதம் ராத்திரி எட்டு மணிக்கு, எங்கள் வீட்டு ஃபேன் சுற்றுகிற வேகத்தைப் பார்த்தே தெருவில் ஏசி போட்டாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். வோல்டேஜ் அந்த அளவுக்கு இறங்கும். பகலில் சோலார் மின்சாரம் தாராளமாக வருகிறது, பொழுது சாய்ந்தால் அது இல்லை. சரியாக அந்த நேரத்தில்தான் எல்லா வீட்டிலும் விளக்கு, ஏசி, மோட்டார் எல்லாம் ஓடத் தொடங்கும். தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்புள்ள தொழிற்சாலைகள் மாலை உச்ச நேர மின்சாரத்துக்குக் கூடுதல் கட்டணம் கட்டுவதும் இதனால்தான்.

வீடுகளுக்கு இப்போதைக்கு அப்படி நேரக் கணக்கு இல்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏழு மணி வேலையைப் பதினொரு மணிக்குத் தள்ளினால் மட்டும் பில் குறையாது. தெரு டிரான்ஸ்ஃபார்மரின் பாரம் குறையும், வோல்டேஜ் அவ்வளவாக இறங்காமல் நிற்கும். பில் குறைய வேண்டுமென்றால் யூனிட் குறைய வேண்டும். கீழே இரண்டு வகையும் கலந்தே வருகிறது.

படி 1: எது இழுக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள், இதில்தான் விஷயமே இருக்கிறது. மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே 3200 அல்லது 1600 என்பது போல ஓர் எண் அச்சாகியிருக்கும். விளக்கு அத்தனை முறை மினுக்கினால் ஒரு யூனிட்.

வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள் (ஃபிரிட்ஜையும் ஐந்து நிமிடம் அணைக்கலாம், ஒன்றும் ஆகாது). ஒரே ஒரு சாதனத்தைப் போட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை மினுக்கு என்று எண்ணுங்கள். 3200 மீட்டர் என்றால் எண்ணிக்கையை 19-ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய வாட் கிடைத்துவிடும். 1600 மீட்டரானால் 37.5-ஆல். அடுக்குமாடியில் மீட்டர் கீழே இருக்குமே என்றால், ஒருவர் கீழே செல்போனோடு நிற்க, இன்னொருவர் மேலே சுவிட்ச் போட வேண்டும். எங்கள் வீட்டில் பையன் கீழே நின்று எண்ணினான். இஸ்திரிப் பெட்டிக்கு 53 வந்தது, அதாவது சுமார் 1000 வாட். கிரைண்டருக்கு வெறும் 8. இத்தனை நாள் கிரைண்டரைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்!

எண்ணுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மீட்டர் பெட்டிக்குள் கை வைக்க வேண்டாம்.

எண்ணிப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். சூடாக்குவது, குளிர்விப்பது, தண்ணீர் ஏற்றுவது, இந்த மூன்றும்தான் பெரிய இழுப்பு. எல்ஈடி பல்பை அணைத்து அணைத்து வைப்பதில் பெரிய லாபம் இல்லை.

படி 2: தள்ளக்கூடியதைத் தள்ளுங்கள்

மோட்டாரை மதியம் இரண்டு மணிக்குப் போடுங்கள். வோல்டேஜ் இறங்கிய நேரத்தில் போட்டால் அது உறுமிக்கொண்டே நிற்கும், சில சமயம் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) எரிந்தே போய்விடும். இஸ்திரியைப் பகலிலேயே, ஒரு வாரத் துணிக்கும் சேர்த்து ஒரே மூச்சில் முடியுங்கள். பெட்டி ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சூடாவது மிச்சம். வாஷிங் மெஷினும் பகலில்தான். கீசர் மாலையில் வேண்டுமென்றால் கால் மணி நேரம் போட்டு அணையுங்கள். 15 லிட்டர் கீசருக்கு அது போதும்.

இண்டக்‌ஷன் அடுப்பில் சமைப்பவர்களுக்குத்தான் சிரமம். ராத்திரிச் சாப்பாட்டை மதியமே செய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழம்பை மட்டும் முன்னாடியே வைத்துக்கொள்ளலாம்.

படி 3: ஏசி

ஒன்றரை டன் ஏசி ஒன்று, கம்ப்ரசர் முழுதாக ஓடும்போது ஒன்றரை கிலோவாட் வரை இழுக்கும். பத்து மணி வரை எல்லோரும் ஹாலில் ஃபேனுக்கு அடியில் இருந்துவிட்டு, படுக்கப் போகும்போது ஏசி போடுவதுதான் எங்களுக்குச் சரிப்பட்டது. வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் இதைச் செய்யாதீர்கள். அவர்கள் இருக்கும் அறையில் மட்டும் 26-இல் வைத்து, கூடவே ஃபேனையும் மெதுவாகச் சுற்றவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் (BEE) கணக்கு. மேற்கு ஜன்னலின் திரையை மூன்று மணிக்கே இழுத்து மூடுங்கள். மேல் மாடியில் இருப்பவர்களுக்கு இது மட்டும் போதாது. பகலெல்லாம் வாங்கிய வெயிலைத் தளம் ராத்திரிதான் கக்கும்.

படி 4: திரும்பவும் மீட்டர்

மூன்று நாள், மாலை 6-க்கும் இரவு 10-க்கும் ரீடிங்கைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மேலே சொன்னதைச் செய்து இன்னும் மூன்று நாள். எங்கள் வீட்டில் அந்த நாலு மணி நேரத்துக்கு ஆறு யூனிட் போனது இரண்டாக இறங்கியது. அந்த இரண்டில் பெரும்பங்கு ஃபேன்கள்தான். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடும் புது வகை மோட்டார் உள்ளது) 30 வாட் சுமாருக்கு அதே காற்றைத் தரும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாமல், ஹாலில் நாள் முழுக்கச் சுற்றுகிற ஃபேனை மட்டும் இப்போது மாற்றினோம். மற்றவற்றைக் காயில் எரிந்து போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.