50 தோட்டாப் பெட்டியில் 44 மிச்சம்: முதல் பெரிய ரிவால்வரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சஸில் நான் போகும் ரேஞ்சில் சனிக்கிழமை காலை வரும் பெரியவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். சுடுவதைவிடப் பேசுவதுதான் அதிகம். பேச்சு எங்கே தொடங்கினாலும் சுற்றிச் சுற்றி 'என் முதல் பெரிய ரிவால்வர்' என்ற இடத்துக்கு வந்துவிடும். எந்தக் கடை, என்ன விலை, கூட யார் வந்தார்கள், எல்லாம் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். முடிவு மட்டும் எல்லாக் கதைக்கும் ஒன்றே: "அதை வித்திருக்கக் கூடாது." ஏன் விற்றீர்கள் என்று கேட்டால்தான் தவறுகளின் பட்டியல் வெளியே வரும். அவர்களிடம் கேட்டதும் நானே பட்டதும் சேர்ந்ததுதான் இது.

முதலில் நம்மவர்களுக்கான ஒன்று. எச்1பி, எச்4, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. வாங்கினால்தானே தப்பு, ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து ஆறு தோட்டா சுட்டால் என்ன என்று நினைப்பவர்கள் நிறைய. கையில் எடுத்தாலே 'வைத்திருத்தல்' கணக்கில் வந்துவிடும். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் இதை நேராகவே கேட்கிறார்கள். அதில் பொய் சொல்வது தனிக் குற்றம். கிரீன் கார்டு வந்த பிறகு இந்தத் தடை இல்லை. அதுவரை பொறுங்கள். ஒரு பொழுதுபோக்குக்காகக் குடியேற்றக் கோப்பில் கறை வேண்டாம்.

சரி, 'பெரிய ரிவால்வர்' என்பது 'பெரிய பிரேம்', அதாவது பெரிய உடல் உள்ளது. அது என்ன? குழல் நீளமாக இருந்தால் பெரிய ரிவால்வர் என்று நினைப்பது முதல் குழப்பம். ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் தன் ரிவால்வர்களின் உடலளவை ஆங்கில எழுத்துகளால் குறிக்கிறது. ஜே சிறியது, கே நடுத்தரம், எல் அதற்குச் சற்று மேல், 'என்' (N) பெரியது. 2003ல் வந்த எக்ஸ் ராட்சசன். பெரியவர்கள் ஏக்கத்தோடு பேசுவது பெரும்பாலும் 'என்' பிரேமைப் பற்றித்தான். அதன் வம்சம் 1908ல் .44 ஸ்பெஷல் தோட்டாவோடு தொடங்கியது. ஆறங்குலக் குழல் உள்ள கே பிரேம் மாடல் 19, மூன்றரை அங்குலக் குழல் உள்ள 'என்' பிரேமைவிடப் பெரிதாகத் தெரியும். ஆனால் சிலிண்டரைப் பாருங்கள். கே பிரேமில் அதன் குறுக்களவு ஏறத்தாழ 1.45 அங்குலம், 'என்' பிரேமில் 1.7 அங்குலம். கைக்குத் தெரிவது அந்தக் கால் அங்குலம்தான்.

அந்தக் கால் அங்குலம் எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், அந்த நால்வரில் ஒருவர் தன் மாடல் 29ஐ, .44 மேக்னம் என்ற கடும் தோட்டாவைச் சுடும் 'என்' பிரேம் ரிவால்வரை, என்னிடம் நீட்டினார். ஆறரை அங்குலக் குழல், ஆழ்ந்த நீலம், அகலமான மரப்பிடி. காலிதானா என்று சிலிண்டரைத் திறந்து பார்த்துவிட்டுப் பிடித்தேன். ட்ரிகரில் என் விரலின் நுனி மட்டுமே எட்டியது. விரலை எட்டவைக்க உள்ளங்கையைத் திருப்பினேன். துப்பாக்கியின் பின்முதுகு கையின் நடுவிலிருந்து விலகிக் கட்டைவிரல் மூட்டில் வந்து உட்கார்ந்தது. அப்படியே சுட்டிருந்தால் உதை முழுவதும் அந்த மூட்டில்தான் இறங்கியிருக்கும். அவர் சிரித்துக்கொண்டே, "துப்பாக்கி பெருசில்ல, பிடிதான் பெருசு" என்றார். அந்தக் காலத்து 'டார்கெட்' மரப்பிடிகள் பார்க்க அழகு, பெரிய கைக்குச் சுகம். நம்மில் பலருடைய கைக்கு ஒல்லியான பிடிதான் சரி. பிடியை மாற்றினால் தீரும் விஷயத்துக்காகத் துப்பாக்கியையே விற்றவர்கள் இருக்கிறார்கள். மாற்றும்போது பழைய பிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நல்ல நிலையில் உள்ள அந்தக் கால மரப்பிடிக்குத் தனியாகவே நல்ல விலை உண்டு.

அடுத்தது உதை. எல்லாக் கதையிலும் வருவது இதுதான். .44 மேக்னம் தோட்டாவும் அதற்கான ரிவால்வரும் 1955 கடைசியில் உருவாகி 1956ல் கடைகளுக்கு வந்தன. பல வருடம் அது வேட்டைக்காரர்களின் சமாச்சாரமாகவே இருந்தது. 1971ல் வந்த ஒரு ஹாலிவுட் போலீஸ் படத்தில் நாயகன் அதைத் தூக்கிக்கொண்டு நடந்ததும் ஊரெல்லாம் மாடல் 29 கேட்டது. கடைகளில் கிடைக்காமல் போனது. வாங்கியவர்களில் பலர் ஒரு சுற்றோடு கும்பிடு போட்டுவிட்டார்களாம். "விற்பனைக்கு: மாடல் 29, கூடவே தோட்டாப் பெட்டி ஒன்று, 44 மிச்சம்" என்பது அந்த நாளிலிருந்து ஓடிவரும் கேலி. பெட்டியில் 50 தோட்டா, சிலிண்டரில் ஆறு. கணக்குச் சரிதான்.

கணக்கைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், முழு மேக்னம் தோட்டாவில் 240 கிரெய்ன், அதாவது 15.5 கிராம் எடையுள்ள குண்டு நீண்ட குழலிலிருந்து விநாடிக்கு 1,400 அடி வேகத்தை ஒட்டிப் போகும். அதே துப்பாக்கியில் போடக்கூடிய பழைய .44 ஸ்பெஷலில் கிட்டத்தட்ட அதே எடைக் குண்டு 750 அடி சொச்சம்தான். பாதி வேகம். முதல் நாளே மேக்னத்தைப் போடுவது நீந்தத் தெரியாதவன் கிணற்றில் குதிப்பது மாதிரி. ஸ்பெஷலில் தொடங்கி, சில நூறு தோட்டா போன பிறகு மெல்ல ஏறுங்கள். .357 மேக்னம் துப்பாக்கி என்றால் .38 ஸ்பெஷலில் தொடங்குங்கள். நீளமான மேக்னம் தோட்டா ஸ்பெஷல் துப்பாக்கிக்குள் உட்காராது. ஆபத்து வேண்டாம் என்றே அதை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீட்டிச் செய்தார்கள்.

பயந்து சுட்டவரிடம் ஒட்டிக்கொள்ளும் நோய், வெடிக்கும் முன்பே கை துள்ளுவது. இது இருக்கிறது என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கண்டுபிடிக்க ரிவால்வரைவிட நல்ல கருவி இல்லை. நண்பரிடம் கொடுத்து, நாலு தோட்டாவும் இரண்டு வெற்றுக்கூடும் கலந்து போட்டு மூடித் தரச் சொல்லுங்கள். சிலிண்டரின் எந்த அறையில் எது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. வெற்றுக்கூட்டின் மேல் ஹாமர் விழும்போது குழல்முனை தரையைப் பார்த்துத் தலைகுனியும். எனக்கு முதல் தடவை நல்ல கும்பிடே விழுந்தது. அப்புறம் மூன்று வாரம் ஸ்பெஷலோடுதான் குடித்தனம்.

எடை குறைந்தது வசதி என்று ஸ்காண்டியம் உலோகக் கலவையில் வரும் மாடல் 329ஐ முதல் துப்பாக்கியாக வாங்குவது, முதல் நாளே மேக்னம் போடும் தவறின் மூத்த அண்ணன். ஆறரை அங்குல எஃகு மாடல் 29 ஒன்றேகால் கிலோவுக்கும் மேல். இது அதில் பாதியைச் சற்றே தாண்டும். எடைதான் உதையை விழுங்கும். எடை போனால் உதை உங்களுக்கு. இன்னொன்றும் நடக்கும்: உதையின் வேகத்தில், இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டு தன் கூட்டிலிருந்து முன்னே நகர்ந்து சிலிண்டரைச் சுழலவிடாமல் பூட்டிவிடும். ஐந்து சுட்டபின் ஆறாவதை எடுத்து, புதுத் தோட்டாவுக்குப் பக்கத்தில் வைத்து நீளத்தைப் பாருங்கள். வளர்ந்திருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

தோட்டாவில் உயிர்போகும் தவறுகள் இரண்டு உண்டு. .45 கோல்ட் என்ற பெயரில் சாதாரணத் தோட்டாவும் விற்கும், ரூகர் நிறுவனத்தினுடையவை போன்ற கனத்த துப்பாக்கிகளுக்கு மட்டும் என்று எழுதிய கடும் தோட்டாவும் விற்கும். இரண்டும் எந்த .45 கோல்ட் ரிவால்வரிலும் உட்காரும். பழைய கோல்ட் நியூ சர்வீஸிலோ ஸ்மித் மாடல் 25லோ அந்தக் கடும் தோட்டாவைப் போட்டால் துப்பாக்கி தாங்காது. இரண்டாவது, பிரிட்டிஷ் ராணுவத்தின் வெப்லி மார்க் 6. .455 தோட்டாவுக்குச் செய்தது. அமெரிக்காவுக்கு வந்தவற்றில் பலவற்றின் சிலிண்டரைப் பின்புறம் சீவி .45 ஏசிபி என்ற பிஸ்டல் தோட்டாவைப் போடும்படி செய்து விற்றார்கள். கடையில் கிடைக்கும் .45 ஏசிபியின் அழுத்தம் அதன் பழைய தோட்டாவைவிட மிக அதிகம். உட்காருகிறதே என்று சுடாதீர்கள்.

பழையது வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பளபளப்பைப் பார்க்கிறார்கள். பளபளப்புதான் முதலில் சந்தேகப்பட வேண்டியது. மறுபூச்சு கொடுத்த துப்பாக்கியில் எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கும், திருகு ஓட்டைகள் பள்ளமாகத் தேய்ந்திருக்கும். சேகரிப்பாளர் கண்ணில் அதன் மதிப்பு பாதாளத்துக்குப் போய்விடும். தாத்தாவின் துப்பாக்கியை அழகுபடுத்துகிறேன் என்று பூச்சுக்குக் கொடுத்துவிட்டு அழுதவர்கள் உண்டு.

பார்க்க வேண்டியது இயக்கம். காலியா என்று முதலில் பாருங்கள், விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். ஹாமரை மிக மெதுவாகக் கட்டைவிரலால் இழுங்கள். ஹாமர் கடைசிக்கு வந்து நிற்பதற்குள் சிலிண்டர் 'டக்'கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் ஆறு தடவை. ஏதாவது ஓர் அறையில் அந்தச் சத்தம் பிந்தி வந்தால் உள்ளே தேய்மானம். சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடுகிறதா, குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தால் மோதிரம்போல் ஏதாவது வளையம் தெரிகிறதா என்றும் பாருங்கள். வளையம் இருந்தால், அடைத்துக்கொண்ட ஒரு குண்டின் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருக்கிறார்கள். அதை விட்டுவிடுங்கள்.

சினிமாவில் வருவதுபோல் மணிக்கட்டை உதறிச் சிலிண்டரை 'படக்'கென்று மூடுவார்களே, அதைச் செய்பவர் கையில் என் துப்பாக்கியைக் கொடுக்க மாட்டேன். சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை வளைந்துவிடும். அப்புறம் அறையும் குழலும் நேர்க்கோட்டில் நிற்காது.

வீட்டில் செய்யும் தவறுகளில் பெரியது திருகாணி முடுக்கி. சாதாரண முடுக்கியின் முனை ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். திருகின் வாயைப் பிய்த்துவிடும். நேரான முனையுள்ளதுதான் வேண்டும். உள்பொறியை மூடியிருக்கும் பக்கத் தகட்டை நெம்பித் திறக்கவே கூடாது. திருகுகளைக் கழற்றிவிட்டு, பிடிச்சட்டத்தை முடுக்கியின் மரக்கைப்பிடியால் லேசாகத் தட்டினால் அதிர்விலேயே தகடு எழும்பி வரும். முன்பக்கத் திருகு சிலிண்டரைத் தாங்கிப் பிடிப்பது, அதை மற்றவற்றோடு கலக்காதீர்கள். வெற்றுக்கூடுகளைத் தள்ளும் கம்பி சுடச்சுடத் தளர்ந்து முன்னே வந்துவிட்டால் சிலிண்டர் திறக்காது. 1960களின் தொடக்கத்திலிருந்து ஸ்மித்தில் அதற்கு இடதுமரை. வழக்கம்போல் முறுக்கினால் கழலும்.

ஸ்பெஷல் தோட்டாவில் பழகச் சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரு விலை உண்டு. அது குட்டை என்பதால் அறைக்குள் அதன் வாய் முடியும் இடத்தில் கரி வளையம் கட்டும். தேய்த்து எடுக்காமல் மேக்னம் போட்டால் உள்ளே போகத் திணறும், சுட்டபின் வெளியே வர மறுக்கும். ரேஞ்சிலிருந்து வந்த அன்றே பித்தளைத் தூரிகையால் ஆறு அறையையும் துடையுங்கள். தோல் உறைக்குள் வைத்து அலமாரியில் மாதக்கணக்கில் பூட்டி வைப்பதும் வேண்டாம். தோல் ஈரத்தை இழுக்கும், நீலப்பூச்சின் மேல் பொட்டுப் பொட்டாகத் துரு பூக்கும்.

இனி அந்தப் பெரியவர்கள் சொல்லும் பெரிய தவறு, விற்றது. விற்ற காரணங்கள் எல்லாம் சின்னவை: கை வலித்தது, தோட்டா விலை, புதுசு ஒன்று கண்ணில் பட்டது, குழந்தைக்குத் தொட்டில் வாங்க வேண்டும். 1982 வாக்கில் ஸ்மித் செலவைக் குறைக்க, குழலை ஊசியால் பிணைப்பதையும் அறையின் வாயைக் குழித்துச் செய்வதையும் மேக்னம் ரிவால்வர்களில் விட்டுவிட்டது. அதற்கு முந்தியவற்றின் விலை பிறகு ஏறிக்கொண்டே போனது. 1935ல் பொருளாதார மந்தத்தின் நடுவில் 60 டாலருக்கு விற்ற முதல் .357 'ரெஜிஸ்டர்டு மேக்னம்' இன்று சாதாரண ஆள் தொட முடியாத விலை.

விற்கத்தான் வேண்டும் என்றால் துப்பாக்கியின் வரிசை எண்ணையாவது சரியாக எழுதி வையுங்கள். சிலிண்டரைத் திறந்ததும் பிரேமில் தெரிவதில் மாடல் எண்ணும் தொழிற்சாலைக் குறிகளும் கலந்திருக்கும். பலர் அந்தக் குறியையே வரிசை எண் என்று எழுதிவிடுகிறார்கள். பழைய 'என்' பிரேமில் வரிசை எண் பிடியின் அடிப்பக்கத்தில் இருக்கும். பெரிய பிடி போட்டிருந்தால் அதைக் கழற்றினால்தான் தெரியும். அந்த எண்ணைக் கொண்டு ஸ்மித் அண்ட் வெஸன் வரலாற்று அறக்கட்டளைக்குக் கட்டணம் கட்டி எழுதினால், துப்பாக்கி எந்தத் தேதியில் எந்தக் கடைக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் தருவார்கள். மாடல் 29ஐ என்னிடம் நீட்டிய பெரியவர் தன் முதல் துப்பாக்கியை 22 வருடம் தேடினார். எண் தெரியாததால், ஒவ்வொரு கண்காட்சியிலும் ஆறரை அங்குல மாடல் 29களை எல்லாம் கையில் எடுத்து, வலது பக்கப் பிடியின் கீழ்மூலையில் தன் மனைவி தவறிப்போட்ட அந்த ஒரு வடு இருக்கிறதா என்று பார்ப்பார். இப்போது கையில் இருப்பது அது இல்லை. அந்த மூலை வழவழவென்று இருக்கிறது.