அமிலம் இல்லாத ரிம் திரவமும் அலுமினியத்தைத் தின்னும்

கார் சக்கரத்தின் ரிம்மைக் கழுவும் திரவத்தின் போத்தலில் ‘அமிலம் இல்லாதது’ என்று பார்த்ததும் பலர் கையுறை போடுவதில்லை. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே முளைக்கின்றன. காஸ்டிக் சோடாவோ பொட்டாசியம் ஹைட்ராக்சைடோ கலந்த ரிம் திரவத்தின் பிஎச் (அமில-கார அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 12ஐத் தாண்டும். அது தோலில் பட்டால் முதலில் எரியாது, சோப்பு போல வழுவழுக்கும். நம் தோலின் கொழுப்பே சோப்பாக மாறுவதுதான் அந்த வழுவழுப்பு. வலி தெரிவதற்குள் காரம் ஆழமாக இறங்கிவிடும். மணிக்கட்டைத் தாண்டும் நைட்ரில் கையுறையும் கண்ணை முழுதாக மூடும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கண்ணில் தெறித்தால் உடனே ஓடும் நீரில் கழுவத் தொடங்குங்கள். 20 நிமிடமாவது நிறுத்தாமல் கழுவ வேண்டும். அதற்குள் வேறொருவர் சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழைக்கட்டும். காரத்தை முறிக்கிறேன் என்று வினிகர் ஊற்றாதீர்கள்; அந்த வினையும் வெப்பம் தரும்.

‘தண்ணீர் கலந்துவிட்டேன், இனிப் பயமில்லை’ என்பது அடுத்த தவறு. பிஎச்சில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. பிஎச் 13 உள்ள திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்தாலும் ஏறத்தாழ 12தான். 11க்கு இறக்க 99 பங்கு நீர் வேண்டும். சிலிகேட் கலந்த திரவம் அதற்கும் எளிதில் இறங்காது. போத்தலில் சொன்ன அளவில் கலப்பது ரிம்முக்காக. கையுறை அப்போதும் தேவை. கலக்கும்போது முதலில் நீர், பிறகு திரவம்.

அதிகம் பாழாவது அலுமினியம். அதன் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம்தான் அதற்குக் கவசம். பிஎச் 9க்கு மேல் அந்தப் படலம் கரையத் தொடங்கும். அடியிலுள்ள உலோகம் காரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை விடும். சாம்பல் நிறத் திட்டுகளாக நிற்கும் அந்தக் கறை அழுக்கே அல்ல, அரிப்பு. எத்தனை முறை தேய்த்தாலும் போகாது, பாலிஷ்தான் போட வேண்டும். சோடியம் மெட்டாசிலிகேட் சேர்த்த திரவங்கள் அரிப்பை ஓரளவு தடுக்கும், முழுதாக அல்ல. கிளியர் கோட் எனும் நிறமற்ற பூச்சு பூசிய ரிம் குறுகிய நேரம் தாங்கும். பூச்சில்லாத பளபளப்பு ரிம்மும் ஆனோடைஸ் செய்த (மின்முறையில் ஆக்சைடு படலத்தைத் தடிப்பாக்கிய) ரிம்மும் தாங்காது. எது உங்களுடையது என்று தெரியவில்லையா? மறைவான இடத்தில் உலோகப் பாலிஷை வெள்ளைத் துணியில் தொட்டுத் தேயுங்கள். துணி கறுத்தால் வெறும் அலுமினியம். அதற்குக் காரத் திரவமே வேண்டாம், பிஎச் நடுநிலையான ஷாம்பு போதும்.

பிஐஇ விரைவுச்சாலையில் ஓட்டி வந்த கையோடு தெளிப்பதும் தவறு. பிரேக் டிஸ்க்கின் சூடு ரிம்முக்கும் ஏறியிருக்கும். வெப்பநிலை 10 பாகை கூடினால் வினை வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நீர் ஆவியாக, மிஞ்சும் காரம் செறிந்து காய்ந்துபோகும். புறங்கையை ரிம்மில் வைத்தால் சுடாத அளவுக்கு ஆறட்டும். வெயிலை விட, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் கழுவுமிடம் இருந்தால் அங்கே கழுவுங்கள். ஒரு நேரத்தில் ஒரே சக்கரம்: முதலில் நீர், பிறகு திரவம், போத்தலில் சொன்ன நேரத்துக்குள் தூரிகை, காயும் முன் அலசல்.

ஆரஞ்சுப் புள்ளிகள் போகவில்லை என்று காரத்தையே மீண்டும் மீண்டும் அடிக்கிறார்கள். அவை பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டி, துருப்பிடித்த இரும்புத் துகள்கள். காரம் எண்ணெயையும் பிசுக்கையும் இளக்கும், இரும்பைக் கரைக்காது. அதற்குத் தயோகிளைகொலேட் உள்ள, இரும்பில் பட்டால் ஊதாவாக மாறும் திரவம் வேண்டும். காரத்தை முழுதாக அலசிய பிறகே அதை அடியுங்கள். அதன் அருகில் அமிலத் திரவம் வரவே கூடாது. நச்சான ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும்.

தெளிப்பானில் இபிடிஎம் ரப்பர் வளையம் இருக்கட்டும். விட்டான் எனும் ரப்பர் வகை வளையம் காரத்தில் கெடும். மீதியை மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள், குழந்தை எடுத்துக் குடித்துவிடும்.

கழுவிய நீர் மழைநீர்க் கால்வாயில் போகக்கூடாது. சிங்கப்பூர்த் தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி. அந்தக் கால்வாய்களில் பல மரினா போன்ற நீர்த்தேக்கங்களில் சேர்கின்றன. வாகனம் கழுவும் தொழில் நடத்துவோர் கழிவுநீர்க் குழாயில் விடும் நீரின் பிஎச்சும் 6க்கும் 9க்கும் இடையில் இருக்க வேண்டும். பிஎச் தாள் வாங்கினால் ரிம்முக்கும் பயன்படும். நட் குழிகளில் தேங்கிய நீரை அந்தத் தாளால் தொட்டுப் பாருங்கள். குழாய் நீரில் வரும் அதே நிறம் வரும்வரை அலசுங்கள்.