சமூக மென்பொருளைத் திறமூலமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமூகத்துக்காக எழுதிய மென்பொருளைத் திறமூலமாக்கலாமா (நிரலை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் விடலாமா) வேண்டாமா என்று மாதக்கணக்கில் பேசுவார்கள். முடிவானதும் ரெப்போவின் (நிரலை வைத்திருக்கும் களஞ்சியத்தின்) செட்டிங்ஸுக்குப் போய் ஒரே நிமிடத்தில் பொதுவாக்கிவிடுவார்கள். வினை அங்கேதான் தொடங்குகிறது.

பெரிய தவறு, பழைய கமிட்களை (நிரலில் செய்து பதிந்த மாற்றங்களை) அலசாமல் வெளியிடுவது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டையோ மின்னஞ்சல் சேவையின் ஏபிஐ கீயையோ (அந்தச் சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீட்டையோ) யாரோ ஆரம்பத்தில் நிரலுக்குள்ளேயே எழுதியிருப்பார். பிறகு அதை எடுத்துத் தனிக் கோப்பில் வைத்திருப்பார்கள். இன்றைய நிரலில் அது இல்லை. ஆனால் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் வரலாற்றில் பத்திரமாக இருக்கிறது. பொது ரெப்போக்களில் கீ தேடுவதற்கென்றே பாட்கள் (தானியங்கி நிரல்கள்) சுற்றுகின்றன. ஆகவே முதலில் எல்லாக் கீகளையும் பாஸ்வேர்டுகளையும் மாற்றி, பழையவற்றைச் செல்லாதவை ஆக்குங்கள். அடுத்து கிட்லீக்ஸ் போன்ற கருவியால் முழு வரலாற்றையும் சோதியுங்கள். கிடைத்ததை கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவி கொண்டு நீக்குங்கள். பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வரலாற்றைத் துடைத்துவிட்டுப் பழைய கீயையே வைத்திருப்பதில் பயனில்லை, யாரிடமாவது பழைய நகல் இருக்கும். சோதனைத் தரவையும் பாருங்கள். உண்மையான உறுப்பினர் பட்டியலிலிருந்து இருபது வரியை வெட்டி ஒட்டியிருப்பது சாதாரணமாக நடக்கிறது. கீயை மாற்றலாம், வெளியே போன ஒருவரின் தொலைபேசி எண்ணைத் திரும்பப் பெற முடியாது.

அடுத்தது உரிமம். உரிமக் கோப்பு இல்லாத ரெப்போ எல்லோர் கண்ணிலும் படும், ஆனால் பதிப்புரிமை முழுவதும் எழுதியவரிடமே இருக்கும். பிறர் அதை எடுத்துப் பயன்படுத்தச் சட்டப்படி அனுமதி இல்லை. அது திறமூலமே அல்ல. சரி, எந்த உரிமம்? எம்ஐடி உரிமம் என்றால் யாரும் எடுத்து மாற்றி, எதையும் திருப்பித் தராமல் இருக்கலாம். ஜிபிஎல் உரிமத்தில் மூலநிரலைத் தரும் கடமை மென்பொருளை விநியோகித்தால்தான் வரும். சர்வரில் ஓடவிட்டுச் சேவையாகத் தருபவருக்கு வராது. சமூக மென்பொருள் பெரும்பாலும் சர்வரில்தான் ஓடுகிறது. இந்த ஓட்டையை அடைப்பதுதான் 2007-இல் வந்த ஏஜிபிஎல் 3 உரிமத்தின் 13-ஆம் பிரிவு. மாஸ்டடான் என்ற சமூக வலைத்தள மென்பொருள் அந்த உரிமத்தில் இருக்கிறது. 2021-இல் டிரம்ப்பின் சமூக ஊடகமான ட்ரூத் சோஷியல் அதன் நிரலைக் கொண்டு தளம் அமைத்து மூலநிரலைத் தராதபோது, மாஸ்டடான் தரப்பு கடிதம் அனுப்பிக் கேட்க முடிந்தது. பின்னர் நிரல் வெளியானது. எம்ஐடியாக இருந்திருந்தால் கேட்க வழியே இல்லை.

ஆனால் உரிமத்தை நீங்கள் மட்டும் முடிவு செய்ய முடியாது. தன்னார்வலர் எழுதிய பகுதியின் உரிமை அவருடையது. ஒவ்வொருவரிடமும் மின்னஞ்சலில் சம்மதம் வாங்குங்கள். ஆள் அகப்படவில்லையா, அந்தப் பகுதியைப் புதிதாக எழுதுங்கள். இனி வரும் கமிட்களில் லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலில் செய்வதுபோல் சைன்டு-ஆஃப்-பை வரி (இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்று பெயருடன் உறுதி சொல்லும் வரி) கேட்டால் போதும்.

உள்ளே ஒரு நகல், வெளியே ஒரு நகல் என்று இரண்டை வைத்துக்கொள்வது மெதுவாகக் கொல்லும் தவறு. ரெடிட் விவாதத் தளம் 2008-இல் நிரலைத் திறந்தது, 2017-இல் நிறுத்தியது. பொது நகல் உண்மையில் ஓடும் நிரலைவிட மிகவும் பின்தங்கிவிட்டது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. ஒரே ரெப்போவில் வேலை செய்யுங்கள். ஸ்பேம் வடிகட்டியின் வரம்புகளையும் தடைச்சொற்களையும் மட்டும் வெளியே தெரியாத கட்டமைப்புக் கோப்பில் வையுங்கள். உள்நுழைவு, அனுமதி தொடர்பான நிரலை இப்படி ஒளிக்க வேண்டாம். ஒளித்தால்தான் பாதுகாப்பு என்றால் அது ஏற்கெனவே உடைந்திருக்கிறது.

பொதுவாக்கும் முன்பே, பாதுகாப்புக் குறையைத் தனியாகத் தெரிவிக்க ஒரு மின்னஞ்சல் முகவரியைப் போடுங்கள். இல்லாவிட்டால் குறை பொது இஷ்யூவாகவே (எல்லோரும் பார்க்கும் குறைப் பதிவாகவே) வந்து விழும். ரீட்மீயை (திட்டத்தை விளக்கும் கோப்பை), திட்டத்தைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் புதிய கணினியில் நிறுவச் சொல்லிப் பாருங்கள். பராமரிக்க ஆளே இல்லை என்றால் ரெப்போவை ஆர்க்கைவ் செய்து (படிக்க மட்டும் முடிவதாக்கி), ரீட்மீயின் முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.