பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு: ஸ்பேர் தேடுவதும் நல்ல ஒர்க்‌ஷாப் பிடிப்பதும்

பதினைந்து வயதான காரில் ரிப்பேர் வருவது சகஜம். ஆளை அலைக்கழிப்பது அதற்கு முந்தைய கட்டம். கம்பெனியில் கேட்டால் "அந்த மாடலுக்கு இப்போ வர்றதில்லை", கடையில் கேட்டால் "இது செட் ஆகும், எடுத்துட்டுப் போங்க", ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் "வண்டியை விட்டுட்டுப் போங்க, பார்த்துக்கலாம்". இந்த மூன்று பதில்களையும் அப்படியே ஏற்காமல் எப்படிச் சமாளிப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். முதல்முறையாகப் பழைய வண்டி வாங்கியவர்களை மனதில் வைத்து எழுதுவதால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

1. வண்டியின் ஜாதகத்தை எழுதி வையுங்கள்

மாடல் பெயரும் வருடமும் போதாது. ஒரே வருடம், ஒரே மாடல், ஆனால் நடுவில் ஏதோ ஒரு மாதத்திலிருந்து பிரேக் காலிப்பரை (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) மாற்றியிருப்பார்கள், அல்லது கிளட்ச் பிளேட்டின் விட்டத்தை மாற்றியிருப்பார்கள். "எந்த வருஷம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பவர் ஊகத்தில்தான் கொடுக்கிறார்.

சேசிஸ் நம்பர், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக எழுத்தும் எண்ணும் கலந்து கொடுத்த அடையாள நம்பர், இருந்தால் ஊகத்துக்கு வேலை இல்லை. அமெரிக்காவில் 1981 மாடல்களிலிருந்து கட்டாயமாகி, பிறகு உலகம் முழுக்கப் பரவிய 17 இலக்க வடிவம் அது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த வண்டிகளில் இதைவிடச் சின்ன நம்பர் இருக்கும். 17 இலக்க நம்பரில் ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது, ஒன்றோடும் சைபரோடும் குழம்பும் என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆகவே நீங்கள் எழுதிக்கொண்டதில் 'ஓ' இருந்தால் அது சைபர் என்று திருத்திக்கொள்ளுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டு ஓரத்திலோ, கதவுத் தூணிலோ, பானட்டுக்குள் இருக்கும் தகட்டிலோ பாருங்கள். அதோடு இன்ஜின் நம்பர், கியர்பாக்ஸ் வகை, பெயின்ட் கோடு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து போனில் ஒரே இடத்தில் போட்டு வையுங்கள்.

பதிவு ஆவணத்தில் உள்ள இன்ஜின் நம்பரும் இன்ஜினில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்பதையும் சரிபாருங்கள். முந்தைய உரிமையாளர் இன்ஜினையே மாற்றியிருந்தால், இன்ஜின் பாகங்கள் விஷயத்தில் சேசிஸ் நம்பரை நம்பிப் பயனில்லை.

2. பார்ட் நம்பரைப் பிடியுங்கள்

சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் கம்பெனி பார்ட்ஸ் கவுன்ட்டரில் உங்கள் வண்டிக்கான படத்தைத் திறப்பார்கள். ஒவ்வொரு நட்டும் வாஷரும் பிரித்துப் போட்டு எண் கொடுத்த படம். பல கம்பெனிகளின் கேட்டலாக்குகளை இணையத்திலேயே பார்க்கலாம். அங்கே கிடைக்கும் பார்ட் நம்பர் கையில் இருந்தால் கடையில் பேச்சே வேறு மாதிரி போகும்.

"நிறுத்திட்டாங்க" என்று சொன்னதும் திரும்பி வந்துவிடாதீர்கள். பழைய நம்பரை நிறுத்திவிட்டு அதே பாகத்தை, அல்லது சற்றுத் திருத்திய பாகத்தை, புது நம்பரில் விடுவது வழக்கம். "இதற்கு மாற்று நம்பர் வந்திருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்று, கழற்றிய பாகத்தின் உடம்பில் புடைத்துத் தெரியும் நம்பர் பெரும்பாலும் வார்ப்பு நம்பர், அதாவது உலோகத்தை ஊற்றிய அச்சின் நம்பர். ஒரே வார்ப்பை வேறு வேறு அளவில் கடைந்து இரண்டு மூன்று மாடல்களுக்குப் போட்டிருப்பார்கள். தேட வேண்டியது ஸ்டிக்கரிலோ, பொறித்தோ இருக்கும் நம்பர். இடது, வலது என்பதும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்த்துச் சொல்வது. வண்டிக்கு எதிரே நின்று சொன்னால் மாற்றுப் பக்கத்து ஹெட்லைட்தான் வீடு வந்து சேரும்.

3. பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம்

கார் கம்பெனிகள் எல்லாப் பாகத்தையும் தாங்களே செய்வதில்லை. பேரிங், ஸ்பார்க் பிளக், கிளட்ச், ஃபில்டர், ஆல்டர்னேட்டர் எல்லாம் பெரும்பாலும் வெளியே வாங்குபவை. போஷ், டென்சோ, வலியோ, மாலே, என்ஜிகே, ஐசின், எஸ்கேஎஃப் மாதிரியான பெயர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். கழற்றிய பாகத்தைத் துணியால் நன்றாகத் துடைத்தால் செய்தவர் பெயர் அதிலேயே தெரியும். அதே பாகத்தை, கார் கம்பெனி முத்திரை இல்லாத பெட்டியில், பல சமயம் கணிசமாகக் குறைந்த விலைக்கு வாங்கலாம். என் கணக்கில் பழைய காருக்கு இதுதான் முதலில் தேட வேண்டிய வழி. ஒரே ஒரு எச்சரிக்கை: பெரிய பெயர்களும் சில பாகங்களை வெளியே வாங்கித் தங்கள் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அதனால் பெட்டியை மட்டும் பார்க்காமல் பழைய பாகத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

மலிவான லோக்கல் பாகம் எங்கே போடலாம்? வைப்பர், மட்ஃப்ளாப், கேபின் ஃபில்டர், கதவுக் கைப்பிடி, பரவாயில்லை. பிரேக், ஸ்டீயரிங், பால் ஜாயின்ட், டைமிங் பெல்ட் (இன்ஜினில் பிஸ்டனோடு நேரம் தவறாமல் வால்வுகளை இயக்கும் பெல்ட்) இவற்றில் மட்டும் கூடாது. டைமிங் பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், அப்புறம் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். பெல்ட்டைத் தனியாக வாங்காமல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வழிநடத்தும் ஐட்லர் உருளைகளோடு செட்டாக வாங்குங்கள். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் சுற்றுகிறது என்றால் அதையும் சேர்த்து மாற்றுவது நல்லது, ஏனென்றால் பிறகு பம்ப் ஒழுகினால் அதே லேபரை இன்னொரு முறை கொடுக்க வேண்டும்.

டூப்ளிகேட்டைக் கண்டுபிடிக்க அச்சு மங்கல், எழுத்துப் பிழை, ஹோலோகிராம் எல்லாம் பார்க்கச் சொல்வார்கள். பாருங்கள், ஆனால் அட்டைப் பெட்டியை நகலெடுப்பது சுலபம், உள்ளே இருப்பதை நகலெடுப்பதுதான் கஷ்டம். ஆயில் ஃபில்டரை எடுத்துக்கொள்வோம். அடிப்பகுதியில் நடுவில் மரை போட்ட பெரிய ஓட்டை, அதைச் சுற்றி சின்னச் சின்ன ஓட்டைகள். அந்தச் சின்ன ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு ரப்பர் மடல் தெரிய வேண்டும், மழுங்கிய குச்சியால் லேசாக அழுத்தினால் மடிந்து திரும்ப எழும்ப வேண்டும். இன்ஜினை நிறுத்தியதும் ஃபில்டரில் உள்ள ஆயில் வடிந்துவிடாமல் பிடிப்பது அந்த மடல்தான். ஃபில்டர் படுக்கையாக மாட்டும் இன்ஜின்களில் அது இல்லாவிட்டாலோ விறைத்துப் போயிருந்தாலோ, காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சில நொடிகள் ஆயில் ஏறாமல் கடகடவென்று சத்தம் வரும். பிரேக் பேடில் ஐரோப்பிய ஒப்புதல் உள்ளது என்றால் வட்டத்துக்குள் ஈ எழுத்தும் ஒரு எண்ணும், பக்கத்தில் 90ஆர் என்ற குறியும் பின்தகட்டிலேயே இருக்கும்.

4. எங்கேயும் கிடைக்காத பாகம்

இங்கேதான் பலர் மனம் உடைந்து வண்டியை விற்றுவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள், காரில் உள்ள எத்தனையோ பாகங்கள் எந்தக் கார் கம்பெனிக்கும் சொந்தமில்லாத பொது அளவில் வருபவை. ஆல்டர்னேட்டரைப் பிரித்தால் உள்ளே 6203 என்று பொறித்த பேரிங் இருக்கலாம். உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர், உலகத்தில் எந்த பேரிங் கடையிலும் அதே அளவுதான். ஆயில் சீலில் உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றும் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். ஃபேன் பெல்ட்டில் 6பிகே1200 என்று இருந்தால் நீளவாக்கில் 6 வரி, 1200 மில்லிமீட்டர் நீளம். ஆக, "ஆல்டர்னேட்டர் அசெம்பிளியே மாத்தணும்" என்று சொல்லும் இடத்தில் வெறும் பேரிங்கோடு வேலை முடியலாம்.

அடுத்து, உங்கள் காரின் சகோதர மாடல்களைத் தேடுங்கள். டொயோட்டா ஐகோ, சிட்ரோன் சி1, பியூஜோ 107 மூன்றும் அடிப்படையில் ஒரே கார். ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல் இன்ஜின் ஃபியட்டில் மட்டுமல்ல, ஓப்பல், சுசுகி, டாடா வண்டிகளிலும் ஓடியது. உங்கள் வண்டிக்குக் கிடைக்காத பாகம் பக்கத்துப் பெயரில் அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். பார்ட் நம்பரை ஒப்பிட்ட பிறகே வாங்குங்கள், ஏனென்றால் இன்ஜின் ஒன்றாக இருந்தாலும் அதைச் சுற்றி இருக்கும் பைப்பும் பிராக்கெட்டும் மாறும்.

அதுவும் இல்லையென்றால் புதுப்பிப்பது. பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டலாம், ரேடியேட்டருக்குப் புது கோர் போடலாம், ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிரித்துப் புஷ், கார்பன் மாற்றலாம். ஆல்டர்னேட்டர், காலிப்பர், ஸ்டீயரிங் ரேக் போன்றவை எக்ஸ்சேஞ்சில் ரீகண்டிஷன் செய்தவையாகக் கிடைக்கும். பழையதைக் கொடுத்தால்தான் விலை குறையும், அதனால் கழற்றியதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கார் உடைக்கும் இடத்தில் வாங்குவது தப்பில்லை. கதவு, கண்ணாடி, ஸ்விட்ச், சீட், லைட், மிரர் தாராளமாக வாங்கலாம். சீட் பெல்ட், ஏர்பேக், பிரேக் ஹோஸ், டயர் வேண்டவே வேண்டாம். ரப்பர் சம்பந்தப்பட்ட எதுவுமே, பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக்காக இருந்தாலும், அலமாரியில் இருந்தபடியே வயதாகிக்கொண்டிருக்கும். டயரிலாவது நான்கு இலக்கத்தில் தேதி இருக்கிறது, 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். ஹோஸில் பெரும்பாலும் அப்படி எளிதாகப் படிக்க ஒன்றும் இருக்காது. மடக்கிப் பார்த்து வெடிப்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

5. ஒர்க்‌ஷாப்பை வண்டி ஓடும்போதே தேடுங்கள்

வண்டி நடுரோட்டில் நின்ற பிறகு தேடினால் யார் கிடைக்கிறாரோ அவர்தான் மெக்கானிக். நன்றாக ஓடும் காலத்தில் தேடினால் தேர்ந்தெடுக்க நேரம் இருக்கும்.

யாரைக் கேட்பது? அதே மாடலை வருடக்கணக்கில் வைத்திருப்பவரை முதலில் கேளுங்கள். அப்புறம் ஸ்பேர் கடை கவுன்ட்டரில் நிற்பவரை. எந்த மெக்கானிக் நல்ல பாகம் கேட்டு வாங்குகிறார், யார் எப்போதும் மலிவானதையே கேட்கிறார், யார் வாங்கிப் போனதை வாரம் ஒருமுறை திருப்பிக் கொண்டு வருகிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நேரடியாக "யார் நல்லவர்" என்று கேட்டால் மழுப்புவார், "என் வண்டிக்கு இங்கே யார் அதிகம் பார்ட்ஸ் எடுக்கிறாங்க?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்.

பெயர் கிடைத்ததும் நேரில் போய்ப் பத்து நிமிடம் நில்லுங்கள். உங்கள் வயதையொத்த கார்கள் வேலைக்கு வருகின்றனவா, வீல் நட்டை டார்க் ரெஞ்ச் (சரியான அளவுக்கு முறுக்கும் ஸ்பேனர்) வைத்து முடிக்கிறார்களா, கழற்றிய போல்ட்டுகளைத் தட்டில் பிரித்து வைக்கிறார்களா அல்லது தரையில் சிதறிக் கிடக்கின்றனவா, வேலை முடிந்த வண்டியை ஓட்டிப் பார்க்கிறார்களா. தரை பளபளப்பாக இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. தூசு படியாமல் ஏசி ரூம் வைத்திருக்கும் இடத்தில் அந்த ஏசிக்கும் சேர்த்துத்தான் பில் வரும்.

பிறகு ஒரு கேள்வி போடுங்கள். "மேடு பள்ளத்தில் முன்பக்கம் டக் டக்குன்னு சத்தம் வருது, என்னவாக இருக்கும்?" கேட்டவுடனே "சஸ்பென்ஷன் போச்சு, முழுசா மாத்தணும்" என்பவரை விட்டுவிடுங்கள். எந்தப் பக்கம், பிரேக் பிடிக்கும்போதா, திருப்பும்போதா என்று திருப்பிக் கேட்டு, தூக்கிப் பார்க்காமல் சொல்ல முடியாது என்பவரிடம் வண்டியை விடலாம்.

காரின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுக் கோடைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பதை மட்டும் பெரிய தகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பி0171 என்று கோடு வந்தால் இன்ஜினுக்குக் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்றுதான் அர்த்தம். காற்று ஒழுகும் வெடித்த ஹோஸாக இருக்கலாம், அழுக்கான ஏர்ஃப்ளோ சென்சாராக இருக்கலாம், பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம். கோடைப் படித்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுபவர் உங்கள் காசில் பரிசோதனை செய்கிறார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எதை அளந்தீர்கள் என்று கேளுங்கள். கண்டுபிடிக்கும் வேலைக்குத் தனியாகக் கூலி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள், தேவையில்லாமல் மாற்றும் இரண்டு பாகத்தைவிட அது மலிவு.

6. சின்ன வேலையில் தொடங்கி, எழுத்தில் பேசுங்கள்

முதலில் ஆயில் மாற்றவோ பிரேக் பார்க்கவோ மட்டும் விடுங்கள். பார்ட்ஸ் தனி, லேபர் தனியாக எஸ்டிமேட் வாங்குங்கள். "இதைத் தாண்டி எதைத் தொடுவதாக இருந்தாலும் எனக்கு போன் பண்ணிட்டுத் தொடுங்க" என்பதை எஸ்டிமேட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்கள் வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லுங்கள், முடிந்த பிறகு கேட்டால் குப்பைக்குப் போய்விட்டது என்பார்கள்.

பாகத்தை நீங்கள் வாங்கிக் கொடுப்பதா, அவர்களே வாங்குவதா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். நீங்கள் கொண்டுபோன பாகம் பத்து நாளில் போனால் திரும்பப் போடும் லேபரை நீங்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கும். எந்த மெக்கானிக்கும் அதற்குப் பொறுப்பேற்க மாட்டார், அது நியாயமும்கூட. சுலபமாகக் கிடைக்கும் பாகத்தை அவர்களையே வாங்கச் சொல்லி பிராண்டை மட்டும் நீங்கள் சொல்லுங்கள், அபூர்வமானதை நீங்கள் தேடிக் கொடுங்கள்.

பில்லில் பார்ட் நம்பரும் அன்றைய கிலோமீட்டரும் இருக்கட்டும். சக்கரம் கழற்றிய வேலை என்றால் ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள். சரிசெய்த சத்தம் திரும்ப வந்தால் வேறு இடத்தில் காட்டும் முன் அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போய், மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். நடுவில் வேறொருவர் கை வைத்துவிட்டால், "அவர்தான் கெடுத்தார்" என்று சொல்ல முதல் மெக்கானிக்குக்கு வழி கிடைத்துவிடும்.