பிரிஃபார்மிஸ புடிச்சிட்டா போதும்: புட்டத்தோட ஆழத்துல இருக்க தசைகள படிக்கிறது எப்படி

ஃபர்ஸ்ட் இயர் ஸ்பாட்டர்ல (பின் குத்தின எடத்தோட பேர எழுதுற அனாடமி டெஸ்ட்) ஒரு தசையில பின் குத்தி வெச்சிருந்தாங்க, நான் யோசிக்கவே இல்ல, பிரிஃபார்மிஸ்னு எழுதிட்டு கெத்தா வெளிய வந்தேன், பசங்ககிட்ட கேட்டா அது குளூட்டியஸ் மீடியஸ்ங்குற பக்கத்து தசையோட கீழ் ஓரமாம். இப்ப பிசியோவா இருக்கேன், தினமும் யாரோட இடுப்பையாவது தொட்டுப் பாக்குற வேலை, அதனால சொல்றேன், மனப்பாடம் பண்ணாதீங்க, பிரிஃபார்மிஸ் எங்க இருக்குனு மட்டும் கரெக்டா புடிங்க, மத்ததெல்லாம் அதை வெச்சே வந்துடும்.

முதல்ல உங்க உடம்புலயே தேடுங்க. பேண்ட்டோட சைடு தையல் மேல உள்ளங்கைய வெச்சு பாதத்த உள்ளயும் வெளியயும் திருப்புங்க, கைக்கு கீழ ஒரு எலும்பு உருளும், அதான் கிரேட்டர் ட்ரொகேன்டர், தொடை எலும்போட மேல் பக்க முட்டு. அடுத்து முதுகுக்கு கீழ ரெண்டு பக்கமும் குழி விழுதுல, அங்க இருக்க எலும்பு முனை எஸ்2 லெவல், அதாவது முதுகெலும்புக்கு அடியில இருக்க சேக்ரம் எலும்போட ரெண்டாவது துண்டு. அந்த குழிக்கும் வால் எலும்பு நுனிக்கும் நடுவுல ஒரு புள்ளி, அங்க இருந்து ட்ரொகேன்டரோட உச்சிக்கு ஒரு கோடு. அந்த கோடுதான் பிரிஃபார்மிஸோட கீழ் ஓரம். தசை சேக்ரத்தோட முன்பக்கம் எஸ்2ல இருந்து எஸ்4 வரைக்கும் ஆரம்பிச்சு, இடுப்பெலும்புல இருக்க பெரிய ஓட்டை, அதாவது கிரேட்டர் சியாட்டிக் ஓட்டை வழியா வெளிய வருது.

இந்த தசைக்கு மேல வெளிய வர்றது சுப்பீரியர் குளூட்டியல் நரம்பும் ரத்தக்குழாயும், அவ்ளோதான். மத்த எல்லாமே கீழதான், சியாட்டிக், இன்ஃபீரியர் குளூட்டியல், புடென்டல், தொடைக்கு பின்னாடி தோலுக்கு போற நரம்பு எல்லாம்.

டிசெக்‌ஷன்ல மேல இருக்க பெரிய தசை குளூட்டியஸ் மாக்சிமஸ வெட்டி பொரட்டினதும் எல்லாம் ஒரே கொழுப்பா தெரியும், பயப்படாதீங்க. கட்டை விரல் மொத்தத்துக்கு ஒரு நரம்பு கெடக்கும், அதான் சியாட்டிக், அதை புடிச்சு மேல போங்க, எந்த தசைக்கு அடியில அது மறையுதோ அதான் பிரிஃபார்மிஸ் (சிலருக்கு நரம்போட ஒரு பாதி தசைய துளைச்சிட்டே வரும், அப்படி கெடைச்சா நீங்க லக்கி, மொத்த பேட்சும் உங்க டேபிளுக்குத்தான் வரும்). அதுக்கு கீழ நடுவுல வெள்ளையா பளபளன்னு ஒரு தசைநாண், மேலயும் கீழயும் செவப்பா ரெண்டு ஒல்லி தசை ஒட்டிக்கிட்டு இருக்கும். வெள்ளை ஆப்டுரேட்டர் இன்டர்னஸ், ஒட்டிக்கிட்டு இருக்கதுங்க ரெண்டு ஜெமெல்லஸ், லத்தீன்ல இரட்டைப் புள்ளைங்கனு அர்த்தம். அதுக்கும் கீழ நாரெல்லாம் படுக்கையா ஓடுற சதுரமான தசை குவாட்ரேட்டஸ் ஃபெமோரிஸ். அதை ஒதுக்கினாத்தான் ஆப்டுரேட்டர் எக்ஸ்டர்னஸ் தெரியும்.

ஆப்டுரேட்டர் இன்டர்னஸ்தான் எனக்கு புடிச்சது. இடுப்பெலும்புக்கு உள்பக்கம் ஆரம்பிச்சு, சின்ன ஓட்டை, அதாவது லெசர் சியாட்டிக் ஓட்டை வழியா வெளிய வந்து, கிணத்து ராட்டினத்துல கயிறு திரும்புற மாதிரி எலும்பு மேல கிட்டத்தட்ட 90 டிகிரி திரும்பி ட்ரொகேன்டருக்கு போகுது. கயிறு தேயாம இருக்க அந்த எடத்துல குருத்தெலும்பும் உராய்வ கொறைக்கிற ஒரு பர்சா பையும் வேற இருக்கு!

நரம்பு சப்ளை குழப்புதா? மேல் ஜெமெல்லஸ் ஆப்டுரேட்டர் இன்டர்னஸ் வீட்டுல இருந்து கரண்ட் எடுக்குது, கீழ் ஜெமெல்லஸ் குவாட்ரேட்டஸ் வீட்டுல இருந்து எடுக்குது. பிரிஃபார்மிஸுக்கு தனி லைன், எஸ்1 எஸ்2. எக்ஸ்டர்னஸ் மட்டும் முன்பக்கத்து ஆளு, அதனால ஆப்டுரேட்டர் நரம்பு.

வேலை என்னன்னு புரியணும்னா நின்னுக்கிட்டு பாதத்த வெளிப்பக்கமா திருப்புங்க, அப்புறம் ஆட்டோல இருந்து எறங்குறப்ப உட்கார்ந்தபடியே ஒரு முழங்கால வெளிய விரிக்கிறோம்ல அதை செஞ்சு பாருங்க. நிமிர்ந்திருந்தா தொடைய வெளிய திருப்புற அதே பிரிஃபார்மிஸ், இடுப்பு மடங்குனா விரிக்குது, இன்னும் நல்லா மடக்கினா உள்பக்கம் திருப்ப ஆரம்பிச்சிடும். அதனாலதான் மல்லாக்க படுத்து ஒரு கணுக்கால இன்னொரு முழங்கால் மேல போட்டு நெஞ்சுக்கு இழுத்தா புட்டத்துக்குள்ள ஆழமா இழுக்குது. கால் மரத்துப் போறது, பலம் கொறையுறது இருந்தா இந்த ஸ்ட்ரெச்சோட நிக்காம டாக்டர்கிட்ட காட்டுங்க, முதுகுல டிஸ்க் பிரச்சனையா இருக்கலாம். தடியான பர்ஸ பின்பாக்கெட்ல வெச்சு உட்கார்றவங்க முதல்ல அதை எடுத்துட்டு ஒரு வாரம் பாருங்க.

வைவால எப்பவும் வர்ற கேள்வி ஒன்னு, வெளிய வந்துட்டு திரும்ப உள்ள போற நரம்பு எது? புடென்டல். எலும்பு மாடலையும் ஒரு உல்லன் நூலையும் எடுத்து, பெரிய ஓட்டை வழியா வெளிய விட்டு, இஸ்கியல் ஸ்பைன் முள்ள சுத்தி, சின்ன ஓட்டையில உள்ள விடுங்க. விட்டுட்டு அந்த முள்ள ஒரு தடவை விரலால தடவி வைங்க, பிரசவத்துல புடென்டல் பிளாக் (அந்த நரம்ப மரத்துப் போக வைக்கிற ஊசி) போடுறப்ப டாக்டர் விரல் விட்டு தேடுறது அதைத்தான்.