கடலோரத்தில் பழைய பென்ஸ்: வாங்குவது முதல் ரோட்டில் விடுவது வரை

பழைய சொகுசு கார் பார்க்கப் போனால் எல்லோரும் முதலில் பானெட்டைத் திறந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்பார்கள். கடலூர், புதுச்சேரி பக்கம் எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். எஞ்சினுக்கு உதிரிபாகம் கிடைக்கும், வேலை தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். உப்புக்காற்றில் பொத்துப்போன பாடியையும் வெள்ளத்தில் ஊறிய வயரிங்கையும் வீட்டில் வைத்துச் சரிசெய்வது மிகவும் கடினம். அதனால் முதலில் பாடி, அடுத்து வயரிங், அதன் பிறகுதான் எஞ்சின்.

இந்த விளக்கம் 1995 முதல் புனேயில் தயாரான மெர்சிடீஸ் டபிள்யூ124 ஈ220 பெட்ரோல் காரை வைத்து எழுதியது. மற்ற பழைய சொகுசு செடான்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: பார்க்கும்போதே கழித்துக்கட்டுங்கள்

பகல் வெளிச்சத்தில், வண்டி காய்ந்திருக்கும்போது போங்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்று, டார்ச் லைட், பழைய பாய் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

கதவுகளுக்குக் கீழே பிளாஸ்டிக் பட்டைகள் இருக்கும். அவற்றில் ஜாக்கி வைக்கும் இடத்துக்கான மூடிகளைக் கழற்றி, உள்ளே ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டாலோ துருத்தூள் கொட்டினாலோ உள்ளே அரித்திருக்கிறது. பளபளக்கும் பட்டைக்குப் பின்னால் தகடு இல்லாத வண்டிகளும் உண்டு. முன் ஃபெண்டரின் கீழ்முனை, பின் சக்கர வளைவு, பின் கண்ணாடியின் கீழ் மூலைகள், பேட்டரிக்கு அடியிலுள்ள தட்டு ஆகியவற்றையும் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி கனமாகப் பூசியிருக்கிறார்கள்.

அடுத்து வெள்ளச் சோதனை. 2015 மழையிலும் 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலிலும் இந்தப் பகுதியில் ஏராளமான வாகனங்கள் தண்ணீரில் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவுவார்கள், சுருளின் உள்பகுதியை யாரும் கழுவுவதில்லை. அங்கே சேற்றுக்கோடு இருந்தால் வேறு வண்டி தேடுங்கள். சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் மணல், ஃப்யூஸ் பெட்டியில் பச்சைப் பூஞ்சை போன்ற படிவு ஆகியவையும் அதே கதைதான்.

மூன்றாவது, இந்த மாடலுக்கே உரிய பெரிய குறை. 1990-களின் நடுப்பகுதியில் வந்த பென்ஸ் எஞ்சின் வயரிங்கின் மேலுறை, சூடு பட்டுப்பட்டுப் பிஸ்கட் போல நொறுங்கும். சிலிண்டர் ஹெட் அருகே கறுப்பு உறையைச் சற்று விலக்கி, ஒரு வயரை மெல்ல வளையுங்கள். உதிர்ந்தால் ஹார்னஸ் எனப்படும் வயர்க் கட்டு முழுவதையும் மாற்ற வேண்டும். அந்த நிலையில் ஓட்டினால் வயர்கள் ஒன்றோடொன்று உரசி எஞ்சின் கம்ப்யூட்டர் கருகலாம். மாற்றும் செலவைக் கேட்டு, அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

படி 2: பேப்பர்

ஆர்.சி. புக்கில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்களும் ஒன்றா என்று பாருங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வண்டி மேல் கடன் இருந்திருந்தால், அது தீர்ந்ததைப் பதிய படிவம் 35. 15 வருடம் முடிந்த தனியார் காருக்குப் பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. புதுச்சேரி எண் வண்டியைக் கடலூரில் நிரந்தரமாக வைத்து ஓட்டப் போகிறீர்களா? 12 மாதத்துக்கு மேல் போனால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வேண்டும், தமிழ்நாட்டு வரியும் சேரும். விலை மலிவு என்று குதிக்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

வண்டி விலைக்குச் சமமான தொகையைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். அது இல்லையென்றால் பாதியில் நிற்கும் வேலை இன்னொரு மழைக்காலத்தைப் பார்த்துவிடும்.

படி 3: தூக்கி நிறுத்துவது

ஜாக்கியால் தூக்கிய வண்டியைத் தாங்க 3 டன் ஜாக் ஸ்டாண்ட் இரண்டு வேண்டும். செங்கல், ஹாலோபிளாக் வேண்டவே வேண்டாம். அவை எச்சரிக்காமல் நொறுங்கும். நம் ஊர் முற்றம் மணல் தரையாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் 18 எம்.எம். பிளைவுட் பலகை போடுங்கள்.

படி 4: அடிப்பாகம்

வேலையில் பாதி நேரம் இங்கேதான் போகும், போகட்டும். முதலில் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தை நன்றாகக் கழுவி இரண்டு நாள் காயவிடுங்கள். கடலோர போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவாதீர்கள். வயர் பிரஷ்ஷால் தளர்ந்த துருவைச் சுரண்டி, 80, பிறகு 180 நம்பர் தாளால் தேயுங்கள். குழிகளில் மிஞ்சிய துருவுக்கு, அதைக் கெட்டியான படலமாக மாற்றும் ரஸ்ட் கன்வெர்ட்டர் திரவத்தைத் தடவி, டின்னில் சொன்ன நேரம்வரை விடுங்கள். அதன்மேல் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், தகடு இணைப்புகளின் இடுக்கை அடைக்க சீம் சீலர், கடைசியாக அண்டர்பாடி கோட். பாடியின் மூடிய அறைகளுக்குள் துருவைத் தடுக்கும் மெழுகான கேவிட்டி வேக்ஸை நீளமான குழாய் வைத்துத் தெளியுங்கள்.

பலரும் செய்யும் தவறு, துருவின் மேலேயே தார் போன்ற கோட்டை அடிப்பது. கோட்டுக்குள் ஈரம் சிக்கி, ஓராண்டில் தகடு முன்பைவிட வேகமாக அரிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெயிண்ட் வேலையைத் தொடவே கூடாது. மாசி முதல் வைகாசிவரை, காலைப் பனி காய்ந்த பிறகு அடியுங்கள். துளையான இடத்தை டிங்கரிடம் வெட்டி வெல்டிங் செய்யச் சொல்லுங்கள், பட்டி வைத்து மூட விடாதீர்கள்.

சன்ரூஃப் வடிகாலிலும் வைப்பருக்குக் கீழுள்ள வடிகாலிலும் வேப்பிலை அடைத்திருக்கும். அவற்றைச் சுத்தம் செய்யாவிட்டால் மழைத்தண்ணீர் கார்ப்பெட்டுக்கு வரும்.

படி 5: நெடுநாள் நின்ற எஞ்சினை எழுப்புவது

சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் 5 மி.லி. எஞ்சின் ஆயில் விட்டு ஓரிரவு விடுங்கள். மறுநாள் வண்டி நியூட்ரலில் இருக்க, கிராங்க் புல்லியின் பெரிய போல்ட்டில் 27 எம்.எம். சாக்கெட் மாட்டி வலப்புறமாக இரண்டு சுற்று சுற்றுங்கள். தடுத்தால் நிறுத்துங்கள், பலம் காட்ட வேண்டாம்.

பழைய பெட்ரோலை வடித்துவிட்டு ஃபில்டரை மாற்றுங்கள். இப்போது பம்பில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 30 வருடத்து ரப்பர் ஹோஸ் அதைத் தாங்காது, வெடித்துக் கசியும். எத்தனாலுக்கு ஏற்ற இன்ஜெக்‌ஷன் ஹோஸையும் அதற்கான கிளாம்பையும் போடுங்கள்.

15டபிள்யூ-40 ஆயில் சுமார் 5.5 லிட்டர் ஊற்றி, டிப்ஸ்டிக் பார்த்து மிச்சத்தைச் சேருங்கள். ஆயில் ஃபில்டர் புதிது. ஃப்யூல் பம்ப் ரிலேயைக் கழற்றி, இக்னிஷன் காயிலின் கனெக்டரையும் விலக்கி, ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து விநாடியாகச் சுற்றினால் மீட்டரில் ஆயில் பிரஷர் முள் எழும். எழுந்த பிறகே பிளக்கையும் காயில் கனெக்டரையும் ரிலேயையும் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடத் தொடங்கியபின் முள் 3 பாரில் முட்டி நிற்கும். நன்கு சூடான ஐட்லிங்கில் சற்று இறங்குவது இயல்பு.

படி 6: கூலிங், பிரேக், சஸ்பென்ஷன்

ரேடியேட்டரின் மேல் ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் கழுத்து வயதானால் முறியும். சித்திரை வெயிலில் ஏ.சி. போட்டு நெரிசலில் நிற்கும்போது அது போனால் ஹெட் கேஸ்கெட்டும் போகும். ரேடியேட்டர், ஹோஸ்கள், 87 டிகிரி தெர்மோஸ்டாட் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி.

பிரேக் ஆயில் டாட் 4, ஒரு லிட்டர் போதும். குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் மரத்துண்டு வைத்து, பெடல் தரைவரை போகாமல் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரின் உள்முனையில் துரு இருக்கும், பிஸ்டன் அங்கே போனால் சீல் கிழியும்.

சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்ஷை மாற்றினால் போல்ட்டை இறுதியாக இறுக்குவது வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சில மாதங்களில் கிழிந்துவிடும். உதிரிபாகத்துக்குச் சென்னை ஜி.பி. ரோடு, பழைய பாகத்துக்குப் புதுப்பேட்டை. ரப்பரும் பிரேக்கும் மட்டும் எப்போதும் புதிதாகவே இருக்கட்டும்.

டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள், பட்டன் எவ்வளவு இருந்தாலும் சரி.

படி 7: முதல் ஓட்டம்

வீல் போல்ட்டை இறுக்க வேண்டிய அளவு 110 நியூட்டன் மீட்டர். புதுச்சேரியிலிருந்து கடலூர்வரை ஒரு நடை போய்வந்து, ஆறியதும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச் வைத்துத் திரும்பப் பாருங்கள். இரவில் வண்டிக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியை விரித்துப் போடுங்கள். காலையில் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தால் எஞ்சின் ஆயில். சிவப்பென்றால் ஸ்டீயரிங் அல்லது கியர் பாக்ஸ். நிறமுள்ள தண்ணீர் போல இருந்தால் கூலண்ட். சக்கரத்துக்கு நேர் கீழே ஈரமிருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம், கசிவைக் கண்டுபிடித்து அடைக்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.